நாலாம் பாத்தி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கோபத்தில்தான் ஆரம்பித்தேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறேன். பால்கனியில் ஒரு தொட்டி, தொட்டியில் ஒரு திராட்சைக் கொடி. மூன்று வருஷமாக ஒரு குலை கூடக் கண்ணில் படவில்லை. யாராவது கேட்டால் இலைக்காகத்தான் வளர்க்கிறேன் என்று சமாளித்துவிடுவேன். போன மழைக்காலத்தில் அந்த இலையிலும் சாம்பல் பூத்தது. பிறகு அடித்தண்டு கறுத்தது. செடிமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். உள்ளே பச்சைத் தூள்.

"என்ன மருந்து இது?"

"மருந்து இல்ல லா ஆன்டி. பூஞ்சை. உயிரோட இருக்கு. கெட்ட பூஞ்சைய இது தின்னுடும்."

ரொட்டியில் பூஞ்சை பிடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எறிகிற நான், அன்று பூஞ்சையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் அதனால் இல்லை. இதை இந்த ஊரில் முதலில் யார் பார்த்திருப்பார்கள் என்று ஒரு நமைச்சல். ஒரு வாரம் வெள்ளைக்காரர் காலத்து விவசாய அறிக்கைகளைப் புரட்டினேன். ஒவ்வொரு பூஞ்சைக்கும் இரண்டு சொல்லில் லத்தீன் பெயர் இருந்தது. ஒவ்வொரு துரைக்கும் தலைப்பெழுத்தோடு பெயர் இருந்தது. மண் தோண்டி, தட்டுக் கழுவியவர் மட்டும் 'உதவியாள், ஒருவர்'. பயிர் வைத்தவர்கள் 'உள்ளூர்க் குடியானவர்கள்'. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே இதில் வருகிற ஆட்களை நானே பெயர் வைத்து உண்டாக்கினேன். ஆதாரம் கேட்காதீர்கள், கைவசம் இல்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

ஒன்று: 'கிள்ளான் ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்த அந்த விடியற்காலையில்—' இதை அங்கேயே விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டு: 'கபிரியேல் கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உலகில் இதுவரை எவரும் காணாத ஒன்று அவன் கண்முன்—' இதுவும் குப்பைக்கு. கபிரியேல் தட்டுக் கழுவுகிற ஆள். தட்டைத் தூக்கிப் பார்த்தால் விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பான். தவிர, தட்டில் ஆரம்பித்தால் கதை துரையின் ஆபீசுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மூன்று: 'மாரியாயி கொடிக்காலுக்கு வெளியே நின்றாள்.'

இது எனக்குப் பிடித்தது. ஏன் வெளியே நிற்கிறாள் என்று எனக்கே கேட்கத் தோன்றியது. அவளோடேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அவளுக்குத் தெரியாத எதுவும் எனக்கும் தெரியாது, நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

மாரியாயி கொடிக்காலுக்கு வெளியே நின்றாள்.

வருஷம் 1933. மலாயாவில் கிள்ளான் நகருக்கு வெளியே, மலாய்க் கிராமத்துக் கம்பத்து நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து, அவளும் அவள் புருஷன் நாகையாவும் வெற்றிலை வைத்திருந்தார்கள். நாலு பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் வரிசையாக அகத்தி மரம், மரத்துக்கு ஒரு கொடி. கிள்ளும் நாளில் இலையை எண்ணிக் கட்டி, வாழைமட்டையில் சுற்றி, கிள்ளான் பாசார்ச் சந்தைக்கு அனுப்புவார்கள்.

அதற்கு முன் இருவரும் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் இருந்தவர்கள். லயத்தில் கதவைக் கங்காணி எந்த நேரமும் தட்டுவான், தட்டாமலும் திறப்பான். கொடிக்கால் ஓரத்தில் போட்ட தட்டி வீட்டுக்கு வந்த முதல் நாள் மாரியாயி கதவை உள்ளிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். நாகையா, "என்ன புள்ள, காத்து வாங்குறியா?" என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தாழ்ப்பாள் போட்டாள்.

இப்போது தோட்டங்களில் ரப்பர் விலை விழுந்து ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொடிக்கால் இருக்கிறவரை அந்தக் கப்பல் இவர்களுக்கு இல்லை. அது போனால் கதவும் போகும். மாரியாயிக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது.

அவள் வெளியே நின்றதற்குக் காரணம் நாகையாவின் கட்டுப்பாடு. காவிரிக்கரைக் கொடிக்காலில் கற்ற தொழில் அவனுக்கு. வெற்றிலை லட்சுமி. செருப்போடு உள்ளே போகக்கூடாது. மாதவிலக்கான பெண் வேலியைத் தாண்டக்கூடாது. அதை 'தூரம்' என்பார்கள். மாதத்தில் நாலு நாள் மாரியாயி வேலிக்கு வெளியிலேயே.

4

ஐப்பசி மழையோடு வாடல் வந்தது.

முதலில் இலை பளபளப்பு இழந்தது. மூன்றாம் நாள் கொடி முழுக்கத் துவண்டு தொங்கியது. மண்ணை விலக்கிப் பார்த்தால் அடித்தண்டு கறுத்து, விரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. தொட்ட கையை நாற்றம் போக இரண்டு தரம் கழுவ வேண்டியிருந்தது. முதல் பாத்தியில் நாலு கொடி, அப்புறம் பதினைந்து, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

"நீ உள்ள போனியா?" என்று நாகையா கேட்டான்.

"நான் ஏங்க போறேன்?"

"பொய் சொல்லாத. தீட்டுப் படாம கொடி இப்படி அழுகாது."

"வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு குப்பையத்தான் கொட்டுனேன். காலு உள்ள வைக்கல."

அவன் நம்பவில்லை. வாசலில் பாதியாக அறுத்த ஒரு பீப்பாயை வைத்தான். அதில் மஞ்சள் கரைத்த தண்ணீர், வேப்பிலை. உள்ளே போகிற யாரும் அதில் காலை முக்கித்தான் போக வேண்டும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகும்போதும் திரும்பி வந்து முக்க வேண்டும். அவன், மாரியாயி, இலை கிள்ள வரும் இரண்டு பெண்கள், எல்லாருடைய காலும் அந்த ஒரே பீப்பாயில். சாயங்காலம் அந்தத் தண்ணீரை வீணாக்க மாட்டான். சுத்தி செய்த தண்ணீர் அல்லவா? சட்டியில் மொண்டு கொடிகளின் அடியில் ஊற்றுவான். முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி, மூன்றாம் பாத்தி.

(உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அழுகல் மண்ணில் இருக்கிறது, மண் காலில் ஒட்டுகிறது, கால் பீப்பாயில் நனைகிறது. எனக்கும் புத்தகம் பார்த்துத்தான் புரிந்தது. நாகையாவை மடையன் என்று நினைக்க வேண்டாம். கொடிக்காலைக் காப்பாற்ற அவன் செய்ததெல்லாம் அவன் அறிந்தவரை சரியான காரியம்.)

நாலாம் பாத்திக்கு மட்டும் அவன் அந்தத் தண்ணீரை ஊற்றவில்லை. காரணம் மாரியாயிதான். அடுப்படித் தவிடு, தேங்காய்மட்டைத் தூள், அரிசி களைந்த கசடு, அகத்தித் தழை, எல்லாவற்றையும் அவள் தூரமான நாட்களில் வேலிக்கு வெளியே நின்றே உள்ளே வீசுவாள். நாலாம் பாத்திதான் வேலியோரம். நாளடைவில் மற்ற நாட்களிலும் அங்கேயே வீசப் பழகிவிட்டாள். நாகையா அதற்கு 'குப்பைப் பாத்தி' என்று பெயர் வைத்தான். சுத்தமான தண்ணீரை அதில் ஊற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

5

நாகையா விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். முதல் பிரதியில் அவனை வில்லனாக எழுதினேன். மீசையை முறுக்கினான், கையை ஓங்கினான், ஒரு இடத்தில் பல்லைக் கூட நறநறத்தான். எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து படித்தபோது வெட்கமாகிவிட்டது. கோபத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

திருத்திய பிரதி: முதல் பாத்தி முழுக்கச் செத்த அன்று நாகையா கொடிகளைப் பிடுங்கிக் குவித்தான். மத்தியானம் சோற்றுக்கு வரவில்லை. மாரியாயி போய்ப் பார்த்தபோது குவியலுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. அவள் கூப்பிடாமல் திரும்பிவிட்டாள். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு மழை நாளில், அட்டைக்குப் பயந்து, அவனே செருப்போடு உள்ளே போனான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்த அவளும் சொல்லவில்லை. தன்னால்தானோ என்ற பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அவன் அவ்வளவு சத்தமாக அவளைக் கேட்டான்.

அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவள் அன்று சோறு போட்டாள்.

6

கபிரியேல் வருகிறான். சின்ன அறிமுகம்: பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்த கத்தோலிக்கத் தமிழன், வயது இருபத்தெட்டு, கோலாலம்பூரில் பயிர் நோய் பார்க்கிற ஒரு ஆபீசில் (பெயர் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்) எடுபிடி. கிள்ளான் பக்கத்து வெற்றிலை நோய்க்கு மண் எடுத்து வரச் சொல்லித் துரை அவனை ரயிலேற்றி அனுப்பினார். நாலு பாத்தியிலும் நாலு டின்னில் மண் எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாரும் அனுப்பாமலே வந்தான். நாகையா பாசாருக்குப் போயிருந்தான்.

"அக்கா, நாலாம் பாத்தியில என்ன போடுறீங்க?"

"ஏன் தம்பி, அதுக்கும் வந்துருச்சா?"

"வரல. அதான் கேக்குறேன். அதுல மட்டும் ஏன் வரல?"

மாரியாயி திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். மற்ற மூன்றையும் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டதில் நாலாம் பாத்தி பச்சையாக நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

"மத்த மண்ணத் தட்டுல வச்சா வெள்ளையா பஞ்சு மாதிரி ஓடுதுக்கா. அதுதான் உங்க கொடிய அழுக வைக்கிறது. நாலாம் பாத்தி மண்ணு பட்ட தட்டுல பச்சையா ஒண்ணு வருது. அது வந்தா வெள்ள அதோட நின்னுடுது. ரெண்டே நாள்ல பச்சை அது மேல ஏறித் தின்னுடுது."

"உங்க துரை என்ன சொல்றாரு?"

"தட்டு கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுன்னாரு. சோறு தின்ன கையோட தொட்டுட்டேன்னு ஏச்சு வேற."

"தொட்டியா?"

"கை இல்லக்கா, கரண்டி." அவன் தலையைச் சொறிந்தான். "நாலாம் டின்னுல விட்ட கரண்டிய கழுவாம ஒண்ணாம் டின்னுல விட்டுட்டேன். சோம்பல் லா."*

"ரெண்டும் பூசணம்தானே? ஒரு பூசணம் இன்னொண்ண ஏன் திங்கணும்?"

"எனக்கும் தெரியாது. திங்குது. நான் பாத்தேன்."

மாரியாயி தான் கொட்டுகிற குப்பையை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் வேலியோரம் குந்தி மட்டைத் தூளைக் கிளறினான். அடியில், பாசி படிந்தாற்போல, அதே பச்சை. அவன் ஒரு சிட்டிகை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டான். அரை வேக்காட்டுச் சோற்றில் இதை வளர்க்கலாமா என்று வீட்டில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

* 1933இல் கிள்ளான் தமிழர்கள் 'லா' போட்டுப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. கபிரியேல் அப்படித்தான் பேசினான், அவன் வாயைப் பொத்த எனக்கு மனமில்லை. இன்னொரு விஷயம்: ஏறக்குறைய அதே வருஷங்களில் வேறொரு கண்டத்திலும் ஒரு பச்சைப் பூஞ்சை இன்னொரு பூஞ்சையை முடிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார்கள். இவர்கள் பார்த்தார்கள், எழுதவில்லை.

7

தைப்பூசத்துக்கு நாகையா காவடி நேர்ந்துகொண்டான். கொடி பிழைக்க வேண்டும் என்றுதான். இரண்டாம் பாத்தியும் அதற்குள் பாதி போய்விட்டிருந்தது. விரதமிருந்து இளைத்த உடம்போடு பத்துமலைக்குப் புறப்பட்டான். திரும்ப நாலு நாளாகும். மாரியாயி கூடப் போகவில்லை. அன்று காலைதான் அவளுக்குத் தூரம் வந்திருந்தது.

மறுநாள் கபிரியேல் வந்தான். புருஷன் இல்லாத வீட்டுக்குத் தனியாக வரக்கூடாது என்று மனைவி சாந்தமேரியையும் அழைத்து வந்திருந்தான். சாந்தமேரி ஒரு பிஸ்கட் டின்னை உடம்பில் படாமல் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"புடிங்கக்கா இத. மூணு வாரமா என் அடுப்படியில இதுதான் குடும்பம் நடத்துது. சோத்த அழுக விடுறது பாவம், பாதர்கிட்ட போய்ச் சொல்லுங்கன்னேன். சொல்லிட்டு வந்து இன்னொரு படி வடிக்கிறாரு!"

டின்னுக்குள் சோறு பச்சைப்பசேல் என்று இருந்தது. மூன்றாம் பாத்திக் கொடிகளின் அடியில் வைக்கத்தான் கபிரியேல் அதைக் கொண்டுவந்திருந்தான். மாரியாயிக்குக் குமட்டியது. அடுத்த நொடி சிரிப்பும் வந்தது.

[இங்கே எழுத்தாளர் ஒரு நிமிஷம் குறுக்கிடுகிறார். இந்தத் தூரத்தை ஒரு வாரம் தள்ளிப்போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஒரே வரி. அப்படியும் எழுதிப் பார்த்தேன். மாரியாயி சிரமமில்லாமல் உள்ளே போனாள், சோற்றை வைத்தாள், வெளியே வந்தாள். கதை உப்பில்லாமல் கிடந்தது. செய்யாததற்கு அவள் வாங்கிய பழிக்கும் அவள் செய்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பழையபடி மாற்றிவிட்டேன்.]

"நான் இன்னிக்கு உள்ள போகக்கூடாது," என்றாள் மாரியாயி.

சாந்தமேரிக்குச் சொல்லாமலே புரிந்தது. "நான் போறேன்க்கா. எனக்கு உங்க கட்டுப்பாடு இல்லையே."

நல்ல யோசனைதான். மாரியாயி வேலியைப் பார்த்தாள். மூன்றாம் பாத்தியில் எண்பது கொடி. எது இன்னும் அடித்தண்டு உறுதியாக நிற்கிறது, எது உள்ளே கறுக்க ஆரம்பித்துவிட்டது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கிள்ளிக் கிள்ளிப் பழகிய கொடிகள். வெளியே நின்று கையைக் காட்டினால் நடக்கிற காரியம் இல்லை. சாமி குற்றம் என்ற பயம் அவளுக்கும் இருந்தது, இல்லை என்று நான் எழுதமாட்டேன்.

"செய்யாததுக்கே பேச்சு வாங்கியாச்சு," என்றாள். "டின்ன குடு."

8

உள்ளே போனவளைக் கபிரியேல் வாசலிலிருந்து நிறுத்தினான்.

"அக்கா, பாதிக்கு மட்டும் வைங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு."

"மீதி?"

"விட்டுருங்க."

"சாகவா?"

"எதனால பொழைச்சுதுன்னு தெரியணும்ல."

மாரியாயிக்கு வந்த கோபம் இருக்கிறதே! "உனக்குத் தெரியறதுக்கு என் கொடி சாகணுமா? ஆபீசுத் தட்டா இது, கழுவிக் கவுத்து வைக்க?"

சாந்தமேரி தலையைக் குனிந்துகொண்டாள். கபிரியேல் மெதுவாகச் சொன்னான், "எனக்காக இல்லக்கா. அண்ணன் திரும்பி வந்து கேப்பாரு. எல்லாத்துக்கும் வச்சுட்டா நீங்க என்னத்தக் காட்டுவீங்க?"

அவள் மூன்றாம் பாத்தியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். பிறகு தன் பழைய நீலச் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்து, அதை நாற்பது நாடாவாகக் கிழித்தாள். மண்ணை விலக்கி, ஒரு பிடி பச்சைச் சோற்றை மட்டைத் தூளோடு அடித்தண்டைச் சுற்றி வைத்து, மண் மூடி, கொடியில் ஒரு நாடா கட்டினாள். அடுத்த கொடியை விட்டுவிட்டு அதற்கடுத்த கொடி. விட்டுப் போன ஒவ்வொன்றின் இலையையும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கை சோறும் மண்ணுமாக இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

9

நாகையா திரும்பி வந்தான். நாக்கில் வேல் குத்திய புண், முகத்தில் விபூதி, கண்ணில் ஒரு வெளிச்சம். ஐந்து வாரத்தில் மூன்றாம் பாத்தியில் கொழுந்து விட்டது. எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் விட்டது. நாகையா பாத்திக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான்.

"பாத்தியா புள்ள! முருகன் கண்ணத் தொறந்துட்டான்!"

மாதக்கணக்கில் சிரிக்காதவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்று சாயங்காலம் பீப்பாயில் இன்னும் ஒரு கை மஞ்சள் கூடுதலாகக் கரைத்து, இரண்டு நடை அதிகமாக மூன்றாம் பாத்திக்கு ஊற்றினான்.

நாடாக்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டான். கிள்ளாமல் விடுவதற்கு அடையாளம் என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான்.

இப்போது மாரியாயியின் கஷ்டத்தைப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வீட்டில் சந்தோஷம். முருகனுக்கும் நல்ல பெயர். ஆனால் நாடா கட்டாத கொடி நாளுக்கு ஒன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தது. கபிரியேல் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "நாம ஒரு பக்கம் பச்சைய வைக்கிறோம், அண்ணன் ஒரு பக்கம் வெள்ளைய ஊத்துறாரு. பச்சை எத்தன நாளுக்குத் தாங்கும்?" என்றான். பீப்பாயை நிறுத்த வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், நாகையா எதைச் செய்தாய் என்று கேட்டானோ, அதைச் செய்தேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் அவள் சொல்லவில்லை. நான் என்ன செய்ய? பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

நாலாம் நாள், நாகையா சட்டியில் தண்ணீரை மொண்டபோது, அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"ஊத்தாதீங்க."

"ஏன்?"

"அதுலதான் நோவு இருக்கு. செத்த பாத்தி மண்ணு நம்ம காலோட வந்து அதுல கரையுது. அதையே அள்ளி நல்ல கொடிக்கு ஊத்துறீங்க."

"யாரு சொன்னா, அந்த ஆபீசு ஆளா? அவனுக்கு என்ன தெரியும்? காவடி எடுத்து வந்தப்புறம்தானே கொழுந்து விட்டுச்சு?"

"நீங்க காவடி எடுத்த அன்னிக்கு நான் உள்ள போனேன்."

நாகையா சட்டியைக் கீழே வைத்தான்.

"தூரமாத்தான் இருந்தேன். அத்தோடதான் போனேன். துணி கட்டுன கொடிக்கெல்லாம் என் கையால மருந்து வச்சேன். கட்டாததுக்கு வைக்கல." அவள் நிறுத்தவில்லை. "துணி கட்டுனத எண்ணிப் பாருங்க. கட்டாததையும் எண்ணிப் பாருங்க. முருகன் குடுத்திருந்தா எல்லாத்துக்கும் குடுத்திருப்பான். என் சேலையப் பாத்தா குடுப்பான்?"

10

இங்கே முடிவுகள் வரிசையில் வந்து நின்றன.

முதல் முடிவு: அவன் கையை ஓங்க, அவள்— கிழித்துவிட்டேன். அதற்கு அவனை அன்று குவியல் பக்கத்தில் உட்கார வைத்திருக்கவே வேண்டாம்.

இரண்டாம் முடிவு: அவன் அவள் காலில் விழுகிறான், வானத்தில் இடி இடிக்கிறது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நம்பியதை ஒருத்தன் ஒரு சாயங்காலத்தில் கழற்றி வைப்பானா?

மூன்றாம் முடிவு: துரை பச்சைப் பூஞ்சையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார், அடியில் கபிரியேலுக்கும் மாரியாயிக்கும் நன்றி சொல்கிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனால்தான் வெட்டினேன். நான் அறிக்கைகளைப் படித்தவள்.

நடந்தது இதுதான். நாகையா சட்டியை மறுபடி எடுக்கவில்லை. மறுநாள் முழுக்க மூன்றாம் பாத்தியில் ஒவ்வொரு கொடியாகக் குனிந்து, மண்ணை விலக்கி, அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தான். விரலை மடக்கி மடக்கி எண்ணினான். எங்கோ கணக்குத் தவறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். நாடா கட்டிய நாற்பதில் முப்பத்தொன்று உயிரோடு நின்றது. கட்டாத நாற்பதில் ஆறு. அன்றிரவு அவன் சாப்பிட்டான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

 ஒன்பது ஏன் செத்தது என்று கேட்பீர்கள். பச்சை வைக்கும்போதே உள்ளே அழுகியிருக்கலாம். இது மந்திரம் இல்லை. நாற்பதும் பிழைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

11

அடுத்த நாள் காலை. சாந்தமேரி கொடுத்தனுப்பிய புது டின்னோடு மாரியாயி மூன்றாம் பாத்தியில் குந்தியிருந்தாள். நாடா கட்டாமல் பிழைத்த அந்த ஆறு கொடிக்குத்தான் முதலில் வைத்துக்கொண்டிருந்தாள். அவற்றின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் வந்திருந்தது. நாலாம் பாத்தியிலிருந்து பதியன் எடுத்தால் அடுத்த மழைக்குள் முதல் பாத்தியை மறுபடி நட்டுவிடலாம் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. கப்பலைப் பற்றி அவள் நினைத்து இரண்டு நாளாகியிருந்தது.

நாகையா இரண்டாம் பாத்தியில் செத்த கொடிகளைப் பிடுங்கி முடித்துவிட்டு, அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் போல, நேராக இந்தப் பக்கம் நடந்து வந்தான். மூன்றாம் பாத்தியின் வரப்பில் ஒரு காலை வைக்கப் போனவன், தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

தன் பாதத்தைக் குனிந்து பார்த்தான். கணுக்கால் வரை செத்த பாத்தியின் சேறு.

இத்தனை வருஷமாக யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொன்னது அவன்தான். வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றான். தொண்டையைச் செருமினான். அவள் நிமிர்ந்தாள்.

"ஏ புள்ள," என்றான், "நான் உள்ள வரலாமா?"

மாரியாயி என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன், நாலு பதில். ஒன்றில் அவள் சிரித்தாள். ஒன்றில் கண்டபடி ஏசினாள், எல்லாப் பாக்கியையும் சேர்த்து. ஒன்றில் தண்ணீர்க் குடத்தைக் காட்டி, கழுவிவிட்டு வாங்க என்றாள். ஒன்றில் நாலு நாள் கழித்து வரச் சொன்னாள். நாலும் அவளுக்குப் பொருந்துகிறது, நாலுக்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது. என் வேலை அவளை அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பதுதான். பதிலை அவளோடு இவ்வளவு தூரம் வந்த நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவன் வரப்பில் நின்றுகொண்டிருக்கிறான்.